ஆப்பமா, களியா

சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டிராக்டர் ஷோரூமின் மாடியில் பதினெட்டுப் பெண்களும் ஓர் ஆணும் உட்கார்ந்து வானத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தக்காளி மண்டியில் பிரிப்பது போலத்தான். அங்கே கூடை, இங்கே கம்ப்யூட்டர் திரையில் ஐந்து பொத்தான்கள். தக்காளிக்குப் பதில் விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் கோடிச் சூரியன்கள். பல கோடி ஆண்டுகள் பயணப்பட்டு வந்து சேர்ந்த வெளிச்சத்துக்கு அந்த மாடியில் கிடைத்த மரியாதை பன்னிரண்டு விநாடி. அதற்குள் இன்ன வகை என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்ததைக் கூப்பிட வேண்டும்.

அந்த ஓர் ஆணின் பெயர் ஆஞ்சப்பன். வயது நாற்பத்தாறு. அப்பா ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர், தாத்தாவும் அப்படியே. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஷூ போட்ட கால் ஆஞ்சப்பனுடையது. அதுவும் இரும்பு மூக்கு வைத்த ஃபேக்டரி ஷூ. ஓசூரில் பிரேக் டிஸ்க் வார்க்கிற ஆலையில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் நின்றார். வார்த்து வரும் இரும்புத் தட்டுகளை டியூப் லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. நல்லது பச்சைத் தொட்டிக்கு, விரிசலோ காற்றுத் துளையோ இருப்பது சிவப்புத் தொட்டிக்கு.

அவர் கண்ணைப் பற்றி ஆலையில் கதைகள் உண்டு. டீ குடிக்கப் பத்தடி தள்ளிப் போனவர், முதுகைக் காட்டிக்கொண்டே, “மூணாவது ட்ரே, அஞ்சாவது பீசு, உள்பக்கம் கிராக்கு” என்றாராம். எடுத்துப் பார்த்தால் இருந்ததாம். அவர் உற்றுப் பார்த்தால் இரும்பு வியர்க்கும் என்பார்கள். ஒளிந்திருக்கும் விரிசல் தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வரும் என்பார்கள். இதில் முக்கால் பங்கைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் நிற்கிற கால் பங்கு சத்தியம்.

போன வருஷம் அவர் மேஜைக்கு மேல் ஒரு கேமராவைத் தொங்கவிட்டார்கள். ஆறு மாதம் அது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. எதைச் சிவப்பில் போடுகிறார், எதைப் பச்சையில் போடுகிறார் என்று லட்சக்கணக்கான தட்டுகளைப் பார்த்துப் பழகிய பிறகு, ஒரு திங்கட்கிழமை அதற்கு ஆஞ்சப்பன் தேவைப்படவில்லை. காண்ட்ராக்ட் ஆள்தானே, வெளியே அனுப்ப ஒரு கையெழுத்து போதும்.

அதற்குப் பின் நான்கு மாதம் சிப்காட்டில் அவர் ஏறாத கேட் இல்லை. எல்லா கேட்டிலும் ஒரே கேள்வி, வயசு. முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை. ஓரிடத்தில் செக்யூரிட்டி மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, “தலைக்கு மை அடிச்சினு வா, பாக்கலாம்” என்றான். அடித்துக்கொண்டு போனார். ஆதார் அட்டைக்கு மை அடிக்க முடியவில்லை.

அப்போதுதான் இந்த மாடி. பெங்களூரில் வானத்தை ஆராயும் ஒரு குழுவுக்கு லட்சக்கணக்கான படங்களைப் பிரித்துத் தரும் வேலையை ஒரு சின்னக் கம்பெனி இங்கே எடுத்திருந்தது. இங்கே பிரித்ததைப் பார்த்து ஒரு மிஷின் பிற்பாடு தானே பிரிக்கப் பழகிக்கொள்ளும். வயது கேட்கவில்லை, கண்ணைத்தான் கேட்டார்கள். மூன்று வாரம் சோதனை. சனிக்கிழமைதோறும் இருநூறு படம் தருவார்கள். அதில் நாற்பது படத்துக்கு விடை முன்கூட்டியே தெரியும். எந்த நாற்பது என்பது மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது. மூன்று சனிக்கிழமைக்குள் ஒரு தடவையாவது நாற்பதில் முப்பத்துநான்கு சரியாக வரவேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மாடியிலிருந்து இறங்கிவிட வேண்டியதுதான். அதற்கப்புறம் தட்டுவதற்கு ஆஞ்சப்பனுக்குக் கதவு ஒன்றும் பாக்கியில்லை.

பொத்தான்களில் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த வினோதா முதல் நாளே எல்லாவற்றுக்கும் பெயர் சூட்டிவிட்டாள். உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ, மழுமழுவென்று, உள்ளே எந்த வேலைப்பாடும் இல்லாமல் இருப்பது களி. கைகள் சுருண்டு சுருண்டு நடுவைச் சுற்றி வருவது முறுக்கு. நடுவில் உப்பி, ஓரம் மெலிந்து, சுருள் கை எதுவும் இல்லாத தட்டு ஆப்பம். இன்ன உருவம் என்று சொல்ல முடியாமல் கலைந்து கிடப்பதும், ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் ஜோடிகளும் உப்புமா. கடைசிப் பொத்தான் குப்பை. அது மண்டலமே இல்லை, கேமராக் கோளாறு என்று அர்த்தம். வானியல் படித்தவர்கள் இதற்கெல்லாம் நீள்வட்டம், சுருள், வில்லை, ஒழுங்கற்றது என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே பதினோரு மணிக்கு மேல் யாருக்கும் வேலை ஓடாது. பிரபஞ்சம் முழுக்கப் பசி வாசனை.

முதல் சனிக்கிழமை ஆஞ்சப்பனுக்கு வந்த மதிப்பெண் பத்தொன்பது.

மேற்பார்வை பார்க்கும் சத்யப்ரியா, கிருஷ்ணகிரிப் பெண், இருபத்தாறு வயது, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அண்ணா, இருநூறுல தொண்ணூத்தாறு குப்பைன்னு போட்டிருக்கீங்க. வானத்துல பாதி குப்பையாண்ணா?”

“சந்தேகமா இருந்துச்சும்மா. அதான் தள்ளிட்டன்.”

“இது ரெண்டு கேலக்ஸி இடிச்சிக்கிறது. வால் மாதிரி நீண்டிருக்கு பாருங்க. இத ஏன் குப்பைல போட்டீங்க?”

“ஒடஞ்சி கீதே.”

“ஒடஞ்சதும் கேலக்ஸிதாண்ணா!”

இருபத்திரண்டு வருஷம் ஆஞ்சப்பனுக்குச் சொல்லித் தந்த ஒரே சட்டம், சந்தேகமென்றால் சிவப்பு. பிரேக் டிஸ்க்கில் சந்தேகத்தைப் பச்சையில் போட்டால் எங்கோ ஒரு மலைப்பாதையில் ஒரு வண்டி நிற்காது. அதனால் மங்கலாக இருந்ததையெல்லாம் தள்ளினார். கோணலாக இருந்ததையெல்லாம் தள்ளினார். ஒரு பக்கம் கை நீண்டு மறுபக்கம் குட்டையாக இருந்த அழகான முறுக்கு ஒன்றை, வார்ப்பு சரியில்லை என்று தள்ளினார். கடவுளே வந்து இன்ஸ்பெக்ஷனுக்கு நின்றிருந்தால், நான்கு கையையும் எண்ணிப் பார்த்துவிட்டு, டிராயிங்கில் இரண்டுதான் இருக்கிறது என்று சிவப்பில் போட்டிருப்பார்.

“இங்க தள்ளுற வேலை இல்லண்ணா. எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்கு. அது எந்த எடம்னு சொல்லணும், அவ்ளோதான்” என்றாள் சத்யப்ரியா.

அதை அவர் அளவுக்கு மீறிக் கேட்டுக்கொண்டார். இரண்டாம் வாரம் குப்பைப் பொத்தான் பக்கமே விரல் போகவில்லை. நட்சத்திரத்தின் பிரகாசம் கேமராவில் சிலுவையாகத் தெறித்திருந்ததை உப்புமா என்றார். படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை செயற்கைக்கோள் கிழித்துப் போயிருந்த கோட்டைப் பக்கவாட்டில் தெரியும் ஆப்பம் என்றார். இரண்டாம் சனிக்கிழமை இருபத்தேழு.

“அண்ணாச்சி, அந்த சேட்டிலைட்டுக்கு நீங்க எத்தன கோடி சூரியன் குடுத்தீய?” என்று வினோதா கேட்டாள். அறை சிரித்தது. ஆஞ்சப்பனும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டில் மனைவி மாரம்மா எதையும் விடமாட்டாள். அவள் பசுமைக் குடிலில் ரோஜா வெட்டும் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் உட்கார்ந்து ஊக்கு முனையால் உள்ளங்கையில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“இன்னாயா ஆச்சி?”

“இருவத்தேழு.”

“போன வாரம்?”

“பத்தொம்போது.”

“ஏறுது இல்ல? அப்பறம் ஏன் எழவு வுழுந்த மாதிரி குந்திகினு கீற?”

“இன்னும் ஏழு வேணும்மே. ஒரு வாரந்தான் கீது.”

“இரும்புல மயிரு மாதிரி கிராக்க கண்டுபுடிச்ச ஆளு, இம்மாம்பெரிய கேலக்ஸிய கண்டுபுடிக்க தெரியலன்னா?”

“இரும்பு கைல இருந்துச்சி. திருப்பிப் பாத்தன். இத திருப்ப முடியாது. அது எப்பிடி நிக்குதோ அப்பிடித்தான் பாக்கணும்.”

மாரம்மா முள்ளை எடுத்துத் தரையில் தேய்த்தாள். வலது கை ஆள்காட்டி விரல் வீங்கி நகத்தடி கறுத்திருந்தது. நான்கு மாதமாக அந்தக் கை ஒன்றுதான் வீட்டில் வேலைக்குப் போகிறது.

“கண்ணு போச்சின்னு மட்டும் சொல்லிராதயா. கண்ணத் தவிர உன்கிட்ட வேற இன்னா கீது?” என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டதால் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திருப்பிப் பார்க்க முடியாது என்று தன் வாயால் சொன்னது திங்கட்கிழமை பஸ்ஸில் அவரைப் போட்டுக் குடைந்தது. பிரேக் டிஸ்க்கை நேராகப் பார்த்தால் வட்டம். சாய்த்தால் நீள்வட்டம். விளிம்பைப் பார்த்தால் வெறும் கோடு, நடுவில் ஒரு புடைப்பு. மூன்றும் ஒரே தட்டு. அப்படியானால் வானத்திலும் தட்டு தட்டுதான். நமக்கு எந்தப் பக்கம் காட்டிக்கொண்டு நிற்கிறதோ அந்த உருவம். செயற்கைக்கோள் கோட்டுக்குத் தலையும் வாலும் இல்லை, படத்தை விட்டே வெளியே ஓடிவிடும். மண்டலத்தின் கோடு இரண்டு முனையிலும் மெலிந்து முடியும், நடுவில் வயிறு இருக்கும், சிலதில் நடுவே தூசி கறுப்பு நூலாக ஓடும். அன்றைக்கு மாடியில் ஏறியவர் பக்கவாட்டு மண்டலம் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. முறுக்கும் பிடிபட்டது. இளம் நட்சத்திரங்கள் பிறக்கிற இடத்தில் கைகள் நீலம் பூத்திருக்கும். கிழடு தட்டிய களிகள் பழுத்த மஞ்சளாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் கவிழ்த்துவிடும் என்பதும் இரண்டு நாளில் தெரிந்தது.

ஒன்றுதான் பிடிபடவில்லை. மேலிருந்து பார்த்தால் தட்டில் வைத்த களியும் வட்டம், ஆப்பமும் வட்டம். உருண்டையா, தட்டையா என்று எப்படிச் சொல்வது?

புதன்கிழமை பெங்களூர்க் குழுவிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் அம்மாள் வீடியோவில் வந்தார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். பதினெட்டுப் பெண்களும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்தார்கள். அவர் கன்னடக்காரர் என்பது பேச்சில் தெரிந்ததும் ஆஞ்சப்பன் கன்னடத்திலேயே கேட்டுவிட்டார். கேட்டவருக்கும் சிரிப்பு வந்தது, களி என்பதைத் திரும்பத் திரும்ப ‘முத்தே’ என்று சொல்ல வேண்டியிருந்ததால்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “நாங்களே திணறுகிற கேள்வி இது” என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். உருவத்தைப் பார்க்காதீர்கள், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். களியில் நடுவிலிருந்து வெளியே போகப் போக வெளிச்சம் ஒரே சீராகக் கரைந்துகொண்டே போகும். ஓரம் இங்கேதான் என்று விரல் வைக்க முடியாது. ஆப்பத்தில் நடுப்புடைப்பின் வெளிச்சம் சட்டென்று விழும், அப்புறம் ஒரு படி போல நிற்கும், அந்தப் படிதான் தட்டு, அதற்கும் வெளியே மறுபடி விழும். ஒளியைப் பிரித்து, உள்ளே நட்சத்திரங்கள் ஒரே திசையில் சுற்றுகின்றனவா, தேனீக் கூட்டம் போல இஷ்டத்துக்கு அலைகின்றனவா என்று அளந்தால் உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் லட்சம் மண்டலத்துக்கு அப்படி அளக்க நேரம் ஏது? கண்தான். நாங்களும் மூன்று பேர் பார்ப்போம், இரண்டு பேர் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

ஆஞ்சப்பன் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. தவறாகப் போன பழைய படங்களைச் சத்யப்ரியாவிடம் கேட்டு வாங்கி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். படி தெரிந்தது. ஒன்றில் தெரிந்தது, அடுத்ததில் தெரிந்தது, அப்புறம் இருக்கிற இடத்திலெல்லாம் தெரிந்தது. அவருடைய பழைய கண் திரும்பி வந்துவிட்டது. ஒரு வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. மங்கிய மஞ்சள் வட்டம். இடப்பக்கம் மேலே இரண்டு சின்ன நட்சத்திரங்கள், இரட்டை மூக்குத்தி மாதிரி. போன சனிக்கிழமை நாற்பதில் அதுவும் ஒன்று. அவர் ஏதோ குருட்டாம்போக்கில் ஆப்பம் என்று அமுக்கியிருந்தார். சரியான விடை களி என்று எழுதியிருந்தது. இப்போது வெளிச்சத்தைக் கூட்டினார். படி இருந்தது. குறைத்தார். இருந்தது. ஒரு கையால் நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு பார்த்தார். படி அப்படியே நின்றது.

சத்யப்ரியாவைக் கூப்பிட்டார்.

“இது தப்பும்மா. இது களி இல்ல.”

“எது தப்பு? விடையா?” அவள் குனிந்து பார்த்தாள். “எனக்கு ரவுண்டாதான் தெரியுது. அண்ணா, மூணு சயின்டிஸ்ட் பாத்தது இது.”

“மூணு பேரும் களின்னாங்களா, ரெண்டு பேரா?”

“அது நமக்கு வராது.”

“அந்தம்மாவுக்கு ஒரு ஃபோன் போடேன்.”

“ஃபோன் எல்லாம் கிடையாது. கீழ கமெண்ட் பாக்ஸ் இருக்கு, எழுதுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா படிப்பாங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணா, சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். இந்த மாதிரி படம் திரும்பத் திரும்ப வரும். சனிக்கிழம வந்துச்சுன்னா அவங்க என்ன சொன்னாங்களோ அதையே அமுக்கிட்டுப் போங்க. உங்களுக்கு வேல வேணும்ல?”

வேலை வேண்டும். இந்த ஊரில் அவரைவிட அது வேண்டியிருந்த ஆள் அன்றைக்கு யாரும் இருந்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாரம்மாவின் விரல் சீழ் வைத்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அவள் குடிலுக்குக் கிளம்பிப் போனதை ஆஞ்சப்பன் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. முதல் படம் முறுக்கு. விரல் தானாகப் போயிற்று. ஐம்பது, நூறு. கழுத்து வியர்வை காலருக்குள் இறங்கியது. நூற்று அறுபத்துமூன்றாவது படம் இரட்டை மூக்குத்தி.

திரையின் மூலையில் பன்னிரண்டு விநாடி குறைந்துகொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சந்தேகத்துடன் எத்தனையோ முடிவு எடுத்திருக்கிறார். தெரிந்தே ஒன்றைத் தப்புத் தொட்டியில் போட்டதில்லை. எட்டு, ஏழு, ஆறு. துணி சுற்றிய விரல் ஒன்று கண்முன்னால் வந்து நின்றது. மூன்று விநாடி இருக்கும்போது களியை அமுக்கினார்.

முடிவு வந்தது. நாற்பதுக்கு முப்பத்துநான்கு. கச்சிதம்.

சத்யப்ரியா கை தட்டினாள். வினோதா நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். “அண்ணாச்சி பாஸாயிட்டாவ! பொழைச்சிய! ஸ்வீட்டு எங்க? உப்புமா எல்லாம் வேண்டாம், சொல்லிட்டேன்!”

ஆஞ்சப்பன் எழுந்திருக்கவில்லை. திரையில் பின்னால் போகும் பொத்தானைத் தேடினார். அப்படி ஒன்று கிடையாது.

“சத்யப்ரியா, அந்த நூத்தி அறுவத்திமூணு, அத மாத்த முடியுமா?”

“எதுக்குண்ணா மாத்தணும்? பாஸ்!”

“நான் பாத்தது வேற, போட்டது வேற.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. “விடுங்கண்ணா. ஒரே ஒரு படம். லட்சத்துல ஒண்ணு.”

“இது மிஷினுக்குச் சொல்லித்தரத்தான போவுது? நாம இன்னா சொல்றமோ அதத்தான அது கத்துக்கும்? தப்பா சொல்லிக்குடுத்தா அது மாதிரி கீற அத்தனையும் ஆயுசுக்கும் தப்பாவே பாக்கும். நான் பாத்திருக்கன். என் கையப் பாத்துதான் அது கத்துகினுச்சி.”

“அண்ணா, அது ஏற்கெனவே தப்பாத்தான் இருக்கு. நீங்க ஒருத்தர் மாத்திப் போட்டா மட்டும் சரியாயிடுமா?”

“ஆவாதும்மா. ஆனா என் பேருல போவக் கூடாது.” திரையைக் காட்டி, “லாட்ட ஹோல்டு பண்ணு” என்றார்.

அந்த அறையில் யாருக்கும் அது விளங்கவில்லை. ஆலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தப்பான தட்டு ஒன்றைப் பச்சையில் விட்டுவிட்டோம் என்று இன்ஸ்பெக்டருக்குப் பிற்பாடு உறைத்தால், லாரியே கிளம்பியிருந்தாலும் ஓடிப்போய் நிறுத்தி, அந்த அடுக்கு மொத்தத்துக்கும் தன் பெயரெழுதிய சிவப்புச் சீட்டைக் கட்ட வேண்டும். ஆயிரம் தட்டையும் மறுபடி பார்க்க வேண்டும், அன்றைய வேலை கணக்கில் வராது, போர்மேன் வாயில் வருவதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டைக் கட்டாமல் விடுகிற ஆளும் உண்டு. அவர்களை மற்றவர்கள் டீக்குக் கூப்பிடமாட்டார்கள்.

“ஹோல்டுன்னு ஒண்ணும் இங்க இல்லண்ணா. அழிக்கறது ஒண்ணுதான் இருக்கு” என்றாள் சத்யப்ரியா. “அழிச்சா இருநூறும் போயிடும். மார்க்கும் போயிடும். ஃபைலு அஞ்சு மணிக்கு மூடிடும். இப்ப நாலு அஞ்சு. மறுபடி மொதல்லேருந்து போடணும், அதே நாப்பதுதான், மாத்தி மாத்தி வரும். உங்க முப்பத்துநாலுல ஒண்ணு கொறஞ்சா...” சொல்லி முடிக்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். “நான் அழிக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க, யாராச்சும் செய்வாங்களா?”

“அண்ணாச்சி, சும்மா இரியும்” என்றாள் வினோதா. கேலி முழுவதும் வடிந்துபோன குரல். “வீட்டுல அக்கா கிடக்க கெடைக்கு, இது என்ன வெளையாட்டு?”

“வெளையாட்டு இல்லம்மா.” ஆஞ்சப்பன் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார். “மத்த ஆறு தப்புல ஒண்ண இந்த வாட்டி சரியா புடிச்சிட்டன்னா முப்பத்துநாலு வந்துரும். முடியும். நீ அழி.”

சத்யப்ரியா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை அழித்தாள்.

மறுபடி முதல் படம். இந்தத் தடவை யாரும் வேலை செய்யவில்லை. எல்லாரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஷோரூமில் யாரோ டிராக்டரைக் கிளப்பிப் பார்த்தார்கள். மாடித் தரை அதிர்ந்தது. எழுபதாவது படத்திலேயே மூக்குத்தி வந்துவிட்டது. ஆப்பத்தை அமுக்கினார். அதற்கு அவருக்கு இரண்டு விநாடி போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம்தான் கஷ்டம். மிச்சம் இருந்த நூற்று முப்பது படத்தில், எங்கேயோ ஒளிந்திருக்கும் அந்த ஆறில் ஒன்றை, எது என்று தெரியாமலே தேடினார். மங்கலாக வந்த ஒவ்வொன்றையும் பன்னிரண்டாவது விநாடி வரை விடாமல் துருவினார். கண் எரிந்தது. இமைத்தால் தப்பிவிடுமோ என்று இமைக்கவில்லை. ஒருவேளை இந்த ஆப்பத்தில் மங்கலாகச் சுருள் கை இருக்கிறதோ, ஒருவேளை இந்த உப்புமா மங்கிப்போன முறுக்கோ, ஒருவேளை, ஒருவேளை.

நான்கு ஐம்பதுக்கு முடிந்தது. முப்பத்துமூன்று.

சத்யப்ரியா திரையை இன்னொரு முறை புதுப்பித்துப் பார்த்தாள், எண் மாறவில்லை. கமெண்ட் பெட்டியில் ஆஞ்சப்பன் தமிழில், ஒற்றை விரலால், ‘இதில் படி உள்ளது, தயவு செய்து பார்க்கவும்’ என்று எழுதினார். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். பெங்களூரிலிருந்து யாரும் அன்றைக்கு ஃபோன் செய்யவில்லை. அப்புறமும் செய்யவில்லை.

சூளகிரி நிறுத்தத்தில் மாரம்மா நின்றிருந்தாள். சேலையில் ரோஜாத் தழை ஒட்டியிருந்தது. விரலில் இரண்டாவது துணி.

“இன்னாயா?”

“போச்சி.”

“எவ்ளோல?”

“ஒண்ணுல.”

“ஒரு படத்துலயா!” நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “அது எந்தப் படம்னு கண்ணுக்குத் தெரியலயா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்துநான்கு வந்தது, அழிக்கச் சொன்னது, எல்லாம். மாரம்மா கேட்டு முடித்தாள். பஸ் வந்தது. அவரைப் பார்க்காமலே ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிறுத்தம் வரை அவள் தலை ஜன்னல் பக்கமே இருந்தது. பிறகு நடுவில் நின்ற நான்கு பேரைத் தாண்டிக் கேட்கும்படி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, கத்தினாள்.

“பெரிய ஹரிச்சந்திரன்! என் கை சீழு புடிச்சி அழுவுது, உனக்கு ஆகாசத்துல கீறது பெருசாப் போச்சி!”

ஆஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு இரண்டு என்று விரலைக் காட்டினார். மாரம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, “இன்னா தாயி, குடியா?” என்று கேட்டாள்.

“குடிச்சிருந்தாகூட வுட்டிருப்பன் பெரிம்மா” என்றாள் மாரம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் வந்தது. இறங்கி நடந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால், நடுவில் பத்தடி. ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் அவள் நின்றாள். அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

“திங்கக்கெழம எங்க போவ?”

அவர் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“என்னாலயும் போவ முடியாதுயா” என்று சொல்லி, மாரம்மா துணி சுற்றிய கையை அவர் பக்கம் நீட்டினாள். ஆஞ்சப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கி, இருந்த வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, துணியை மெல்ல அவிழ்க்க ஆரம்பித்தார்.